ஆப் போகலாம்; கணக்கு போகலாமா?

ஸ்கைப்புக்கு மூடுவிழா! கேம்ஸ்கேனருக்குத் தடை! தோல் கம்பெனிகளும் கடைக்காரர்களும் கேட்க மறக்கும் கேள்வி

வேலூர்,

செல்போனில் ஒரு 'ஆப்' இறக்குவது ஒரு நிமிட வேலை. அதை விட்டு வெளியே வருவதுதான் பெரும்பாடு!

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோலையும் ஷூவையும் நம்பிப் பிழைக்கும் ஊர்களில் பாதி ஜீவனம் இப்போது செல்போனுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கிறது. பில் போட ஒன்று. பணம் வாங்க ஒன்று. ஆர்டர் பேச ஒன்று. பி.எப். பார்க்க ஒன்று.

எந்த ஆப் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். "ஓசியா? சீக்கிரம் ஓடுமா? தமிழ்ல இருக்கா?" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு.

"நாளைக்கு இதை விட்டுப் போனால், என் கணக்கு என்னோடு கூட வருமா?"

வாங்கும்போது இதைக் கேட்காதவர்கள், பிற்பாடு தலையில் கை வைத்து உட்கார வேண்டி வருகிறது. கடந்த சில வருஷங்களில் நடந்த சங்கதிகளைப் பார்த்தாலே இது விளங்கும்.

ராத்திரியோடு ராத்திரியாக...

2020-ம் ஆண்டு ஜூன் 29-ந்தேதி மத்திய அரசு 59 சீன ஆப்களுக்குத் தடை போட்டது. 'டிக்-டாக்' போனதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு.

ஆனால் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு அடி வேறு இடத்தில் விழுந்தது. அந்தப் பட்டியலில் 'கேம்ஸ்கேனர்' இருந்தது. பில்லை செல்போனில் படம் பிடித்து, ஓரத்தை வெட்டி, பி.டி.எப். ஆக்கி, ஆடிட்டருக்கு அனுப்ப உதவிய ஆப் அது.

ஸ்கேன் செய்ததை அன்றைக்கே கம்ப்யூட்டரில் இறக்கி வைத்தவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. மறுநாள் வேறு ஸ்கேனர் ஆப் போட்டு வேலையைப் பார்த்தார். எல்லாவற்றையும் ஆப்புக்குள்ளேயே விட்டு வைத்தவர்தான் விழிக்க வேண்டி வந்தது.

அடுத்தது 'ஸ்கைப்'. 2003-ல் வந்தது. 2011-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி 850 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. வெளிநாட்டு வியாபாரியுடன் காசு செலவில்லாமல் முகம் பார்த்துப் பேச, உலகம் பூராவும் அதைத்தான் நம்பி இருந்த காலம் ஒன்று உண்டு. 2025-ம் ஆண்டு மே மாதம் 5-ந்தேதி அதற்கும் மூடுவிழா!

பெரிய கம்பெனி ஆனதால் இரண்டு மாதத்துக்கு முன்பே சொன்னார்கள். 'டீம்ஸ்' என்ற வேறு ஆப்புக்குப் போக வழி காட்டினார்கள். பழைய பேச்சு, படங்களை எடுத்துக்கொள்ள 2026 ஜனவரி வரை தவணை கொடுத்தார்கள். எல்லாக் கம்பெனியும் இப்படித் தவணை கொடுக்கும் என்று சொல்ல முடியாது.

"வெளிநாட்டு ஆப்தானே இப்படி? நம்ம நாட்டு ஆப் என்றால் பயமில்லை" என்று நினைக்கவும் இடமில்லை. பெங்களூரில் ஆரம்பித்த 'கூ' என்ற ஆப், அமைச்சர்களும் சினிமாக்காரர்களும் எழுதிய ஆப், 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. பணம் தீர்ந்தால் எந்த நாட்டுக் கடையும் ஷட்டரை இறக்கும்!

கியூ-ஆர் அட்டை தப்பியது எப்படி?

கடைக்காரர்களை அதிகம் கலங்க வைத்தது 2024-ல் நடந்த சம்பவம்.

அந்த ஆண்டு ஜனவரி 31-ந்தேதி, பே-டிஎம் பேமெண்ட்ஸ் பாங்கி மீது ரிசர்வ் பாங்கி நடவடிக்கை எடுத்தது. மார்ச் 15-ந்தேதிக்குப் பிறகு அந்த பாங்கிக் கணக்கில் புதிதாகப் பணம் விழக் கூடாது என்பது உத்தரவு.

பிரியாணிக் கடை முதல் பெட்டிக் கடை வரை, மேஜையில் அந்தக் கம்பெனியின் கியூ-ஆர் அட்டை வைத்திருந்தவர்களுக்கு ஒரே கேள்வி. "அட்டையைத் தூக்கிப் போட்டுடணுமா?"

பதில் ஆளுக்கு ஆள் மாறியது. அட்டையில் வரும் பணம் இந்தியன் பாங்கி, ஸ்டேட் பாங்கி என்று வேறு பாங்கிக் கணக்கில் போய் விழும்படி வைத்திருந்தவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. அதே அட்டை, அதே ஆப், வியாபாரம் நடந்தது. பணத்தையும் அந்தப் பேமெண்ட்ஸ் பாங்கியிலேயே வைத்திருந்தவர்தான் வேறு பாங்கியைத் தேடி ஓட வேண்டியிருந்தது.

காரணம், 'யு.பி.ஐ.' என்ற ஏற்பாடு. 2016 ஏப்ரலில் தேசிய பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் தொடங்கியது இது. இதில் ஆப் என்பது வெறும் வாசல். பணம் இருக்கும் வீடு பாங்கி. வாடிக்கையாளர் போன்-பே வைத்திருக்கலாம், கடைக்காரர் கூகுள்-பே வைத்திருக்கலாம். பணம் போய்ச் சேர்ந்துவிடும். ஆப் பிடிக்கவில்லையா? அழித்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டு, அதே பாங்கிக் கணக்கைச் சேர்த்தால் போதும். ஒரு பைசா குறையாது.

மற்ற ஆப்களையும் இந்தத் தராசில் போட்டுப் பார்க்கலாம். வாசல் மாறினால் வீட்டுச் சாமான் நிற்கிறதா? நின்றால் நல்ல ஆப்.

கடைக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. "பணம் போட்டுட்டேன், பாருங்க" என்று செல்போனில் பச்சை டிக் காட்டுகிறவரின் திரையைப் பார்த்துச் சரக்கைக் கொடுக்கக் கூடாது. அப்படி டிக் காட்டவே போலி ஆப்கள் இருக்கின்றன. உங்கள் செல்போனில் செய்தி வந்ததா, உங்கள் பெட்டி சத்தம் போட்டதா என்றுதான் பார்க்க வேண்டும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடும்படி யார் சொன்னாலும் அது மோசடி. ரகசிய எண் பணம் கொடுக்க மட்டுமே!

ஆறு வருஷம் தாங்குமா பில்?

பில் போடும் கம்ப்யூட்டர் விஷயம் இன்னும் பெரியது.

'டேலி' என்ற பெயரைக் கேட்காத அக்கவுண்டன்ட் கிடையாது. 1986-ல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி தன் கணக்கைப் பார்க்க ஏற்ற புரோகிராம் கிடைக்காமல் திண்டாட, மகன் பரத் கோயங்கா எழுதிக் கொடுத்ததில் பிறந்தது அது. இன்று அதற்குப் போட்டியாக மாத வாடகைக்கும் வருஷ வாடகைக்கும் எத்தனையோ பில் ஆப்கள் வந்துவிட்டன. சென்னையைச் சேர்ந்த 'ஜோஹோ' கம்பெனியும் கணக்கு ஆப் தருகிறது.

எதை வாங்குவது என்று முடிவு செய்யும் முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஒரு வருஷத்துக் கணக்கை அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் கட்டவேண்டிய கடைசி நாளில் இருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். அதாவது 6 வருஷம். இன்று போட்ட பில்லை, ஆறு வருஷம் கழித்து அதிகாரி கேட்டாலும் திறந்து காட்டியாக வேண்டும்.

ஆறு வருஷம் என்பது செல்போன் உலகத்தில் ஒரு யுகம்! அதுவரை அந்த ஆப் இருக்குமா? வாடகை கட்டுவதை நிறுத்திவிட்டால் பழைய பில்லைப் பார்க்கவாவது விடுவார்களா? பூட்டிவிடுவார்களா? விற்க வரும் ஆசாமியிடம் முதலில் கேட்க வேண்டியது இது. "எல்லா பில்லும் எக்செல்ல வருமா? பி.டி.எப்-ல வருமா? இப்பவே இறக்கிக் காட்டு தம்பி" என்று கேட்டு, கண்ணெதிரே செய்து பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம்.

வரி மாறும்போது என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. தோல் வட்டாரத்துக்கு இது நன்றாகத் தெரியும். 2025 செப்டம்பர் 22-ந்தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. ஜோடி ரூ.2,500 வரை விலையுள்ள ஷூ, செருப்புக்கு வரி 5 சதவீதம் ஆனது. அதற்கு மேல் 18 சதவீதம். தோல் பதனிடும் கூலி வேலைக்கு இருந்த 12 சதவீதமும் 5 ஆகக் குறைந்தது.

சந்தா கட்டி முறையாக வைத்திருப்பவருக்கு மாற்றத்தைச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது. திருட்டு காப்பி வைத்திருப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்? வரி விகிதத்தையாவது கையால் திருத்தலாம். ரிட்டர்ன் படிவமே மாறினால் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

பதிவு பெற்ற கம்பெனிகளுக்கு இன்னொரு கட்டாயமும் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1-ந்தேதி முதல், கணக்கில் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடயத்தைத் தானாகவே எழுதி வைக்கும் சாப்ட்வேரைத்தான் அவர்கள் உபயோகிக்க வேண்டும். அந்தத் தடயத்தை நிறுத்தி வைக்கவும் கூடாது.

திருட்டு காப்பிக்கு ஜெயில்!

"பஜார்ல முந்நூறு ரூபாய்க்கு எல்லா சாப்ட்வேரும் போட்டுத் தர்றான்" என்று மகிழ்ந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

திருட்டு காப்பி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமை உபயோகித்தால், காப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 வருஷம் வரை ஜெயில் உண்டு. ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

போலீஸ் வருவதற்கு முன்பே வைரஸ் வந்துவிடும் என்பது தனிக்கதை. 2017 மே மாதம் 'வானாகிரை' என்ற வைரஸ் உலகம் பூராவும் கம்ப்யூட்டர்களைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது. பக்கத்து ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களே மாட்டின! பாதுகாப்புத் திருத்தம் போடாத விண்டோஸ் கம்ப்யூட்டர்கள்தான் அதில் சிக்கியவை.

'விண்டோஸ் 10'-க்கு அந்தத் திருத்தங்கள் வருவது 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நின்றது. சொந்த உபயோகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த நீட்டிப்பும் 2026 அக்டோபர் வரைதான். பாங்கி வேலையும் ஜி.எஸ்.டி. வேலையும் பார்க்கும் கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ் ஓடுகிறது என்று ஒரு தடவை பார்த்து வைப்பது நல்லது.

காசு இல்லை என்றால் திருட்டு காப்பிதான் கதி என்பதும் இல்லை. கடிதம் எழுதவும் கணக்குப் பட்டியல் போடவும் 'லிப்ரே ஆபீஸ்' சட்டப்படியே இலவசம். எக்செல் கோப்பையும் வேர்ட் கோப்பையும் திறக்கும். லாட் நம்பர், துண்டு எத்தனை, சதுர அடி எவ்வளவு என்று எழுதும் பட்டியலுக்கு அது தாராளமாகப் போதும்.

"அந்தப் பையன் போன்ல இருந்துச்சு..."

இந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் கேட்கக் கூடிய பேச்சு இது.

"போன சீசன் ஆர்டர் ஷீட்டும் கலர் போட்டோவும் எங்கே?" என்று முதலாளி கேட்பார்.

"அது அந்தப் பையன் போன்ல இருந்துச்சு பாய். அவன் வேலையை விட்டு நின்னுட்டானே!" என்று பதில் வரும்.

வாட்ஸ்-அப் மோசமான ஆப் இல்லை. வெளிநாட்டு பையரும் அதில் இருக்கிறார், தோல் மண்டிக்காரரும் இருக்கிறார், லாரி டிரைவரும் இருக்கிறார். எல்லோரும் இருக்கும் இடத்தில்தான் வியாபாரம் நடக்கும். 2025 செப்டம்பர் கடைசியில் ஜோஹோ கம்பெனியின் 'அரட்டை' ஆப்பில் திடீர்க் கூட்டம்! ஒரு நாளைக்கு 3 ஆயிரம் பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் அது 3½ லட்சம் பேர் ஆனதாக அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். நம் ஊர் ஆப் என்று ஆசையோடு இறக்கியவர்கள் ஏராளம். ஆனால் இத்தாலியில் இருக்கும் பையர் அதற்கு வராத வரை, ஆம்பூர் வியாபாரி வாட்ஸ்-அப்பை விட முடியாது.

சிக்கல் ஆப்பில் இல்லை. ஆர்டர் யாருடைய நம்பரில் வருகிறது என்பதில் இருக்கிறது. தொழிலாளியின் சொந்த நம்பரில் வந்த ஆர்டர், தொழிலாளியோடு போகும். அவர் மேல் தப்பு சொல்லவும் முடியாது. அவருடைய நம்பர், அவருடைய செல்போன்.

தீர்வு ரொம்ப சுலபம். கம்பெனி பெயரில் ஒரு சிம் கார்டு. அதில் 'வாட்ஸ்-அப் பிசினஸ்'. ஆர்டர், விலை, டெலிவரி தேதி எது பேசினாலும் அன்று மாலைக்குள் மெயிலிலோ ரிஜிஸ்டரிலோ ஏறிவிட வேண்டும். பேசுவதற்கு வாட்ஸ்-அப், பாதுகாத்து வைப்பதற்கு வேறு இடம் என்று பிரித்துவிட்டால் சச்சரவு இல்லை.

வேலை பார்ப்பவருக்கும் இதில் லாபம் உண்டு. சொந்த நம்பரில் கம்பெனி குரூப் இருந்தால் ராத்திரி பதினோரு மணிக்கும் 'டிங்' என்று சத்தம் வரும். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டிலும் வரும். கம்பெனி நம்பர் கம்பெனி செல்போனில் இருந்தால், ஷிப்டு முடிந்ததும் மேஜையில் வைத்துவிட்டு நிம்மதியாக பஸ் ஏறலாம்.

ஓர் எழுத்தில் ஒரு கண்டெய்னர்!

ஏற்றுமதிக்காரர்கள் அலட்சியமாக விடக் கூடாதது மெயில்.

மெயில் திருடர்கள் அவசரப்பட மாட்டார்கள். பாஸ்வேர்டைத் திருடி உள்ளே புகுந்து, வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்து படிப்பார்கள். எந்த பையர், எவ்வளவு ஜோடி, எப்போது பணம் என்று எல்லாம் தெரிந்துகொள்வார்கள். சரக்கு சென்னை துறைமுகம் போய்ச் சேரும் சமயம், பையருக்கு ஒரு மெயில் போகும். "எங்கள் பாங்கி மாறிவிட்டது. இந்தப் புதுக் கணக்கில் பணம் போடவும்."

அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்துதான் மாறி இருக்கும். பையர் கவனிக்காமல் பணத்தைப் போட்டுவிட்டால், சரக்கும் போச்சு, பணமும் போச்சு!

ஆகவே மெயில் எடுக்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு. பாஸ்வேர்டு தெரிந்தாலும் செல்போனில் இரண்டாவது சம்மதம் கேட்கும் வசதி இருக்கிறதா? இருந்தால் இன்றே போட வேண்டும். கம்பெனியின் சொந்தப் பெயரில் முகவரி இருக்கிறதா? இருந்தால் ஊழியர் மாறும்போது பாஸ்வேர்டை மாற்றி அடுத்தவரிடம் கொடுக்கலாம். மெயில் கம்பெனியை மாற்றினாலும் முகவரி மாறாது.

பாங்கிக் கணக்கு மாறுகிறது என்று மெயில் வந்தால், பழைய டெலிபோன் நம்பரில் கூப்பிட்டுப் பேசிய பிறகே பணம் என்று பையரிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு உண்டு.

கட்டம் கட்டமாகத் தெரியும் தமிழ்

கணக்கு மட்டுமா பூட்டிக்கொள்கிறது? எழுத்தே பூட்டிக்கொள்ளும்!

பஜாரில் டைப் அடிக்கும் கடைகளில் 'பாமினி', 'வானவில்' போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள் எத்தனையோ. அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும். வீட்டுக்குக் கொண்டு வந்து திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிடக்கும். அதே எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும்தான் அது தமிழ்!

'யூனிகோடு' முறையில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. செல்போன், கம்ப்யூட்டர், சென்னை, சிங்கப்பூர் எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும். 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டு உத்தரவு போட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகம் யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாகவே தருகிறது. மனு, ஒப்பந்தம், சங்கக் கடிதம் எதை அடிக்கக் கொடுத்தாலும், "யூனிகோடுல அடிச்சுக் குடுங்க அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பத்து வருஷம் கழித்தும் திறக்கலாம்.

ஷூ டிசைன் செய்யும் கம்ப்யூட்டருக்கும் இதே சட்டம்தான். அப்பர் பேட்டர்னை ஒரு கம்பெனி சாப்ட்வேரில் போட்டு வைத்தால், அதன் சொந்தக் கோப்பு அந்தச் சாப்ட்வேரில்தான் முழுசாகத் திறக்கும். 'டி.எக்ஸ்.எப்.' என்ற பொதுக் கோப்பாகவும் எடுத்து வைத்தால் வேறு சாப்ட்வேருக்கும், தோல் வெட்டும் மெஷினுக்கும் கொடுக்க வழி இருக்கிறது. வெளி டிசைனரிடம் வேலை கொடுக்கும்போதே, பொதுக் கோப்பும் சேர்த்துத் தர வேண்டும் என்று பேசிக்கொள்வது நல்லது. டிசைனுக்குக் காசு கொடுத்தது கம்பெனி. சாவி மட்டும் அடுத்தவரிடம் இருப்பானேன்?

தையல் மெஷின் முன்னால் இருப்பவருக்கு...

ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் பெண்களுக்கு ஆப் விஷயம் எதற்கு என்று நினைக்கக் கூடாது. அவர்களுடைய பி.எப். பணமே இப்போது செல்போனில் தெரிகிறது.

மத்திய அரசின் 'உமங்' ஆப் 2017-ல் வந்தது. அதில் பி.எப். பாஸ்புக்கைப் பார்க்கலாம். சம்பளத்தில் பிடித்த பணம் கணக்கில் ஏறியதா என்று மாதம் ஒரு தடவை பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஒரு மாதம் ஏறவில்லை என்றால் அந்த மாதமே ஆபீசில் கேட்கலாம். வேலையை விட்ட பிறகு கேட்டால் அலைச்சல்தான் மிச்சம்.

பி.எப். ஏற்பாட்டிலும் ஒரு நல்ல அம்சம் உண்டு. 2014 முதல் 'யு.ஏ.என்.' என்ற ஒரே நம்பர். ஆம்பூரில் ஒரு கம்பெனியை விட்டு ராணிப்பேட்டையில் வேறு கம்பெனியில் சேர்ந்தாலும் நம்பர் தொழிலாளியோடு வரும். ஆனால் அதில் சேர்த்த செல்போன் நம்பர் தொழிலாளியின் சொந்த நம்பராக இருக்க வேண்டும். "ஏஜெண்டு நம்பரையே குடுத்துட்டேங்க" என்றால், ரகசிய எண் அவருக்குத்தான் போகும்!

லைசென்ஸ், ஆர்.சி. புத்தகத்துக்கு அரசின் 'டிஜிலாக்கர்' இருக்கிறது. 2015-ல் வந்தது. அதில் உள்ள லைசென்ஸ் சட்டப்படி அசலுக்குச் சமம். செல்போன் தொலைந்தாலும், புது செல்போனில் ஆதார் நம்பரைப் போட்டு உள்ளே போனால் எல்லாம் அப்படியே இருக்கும். இங்கேயும் வாசல் வேறு, வீடு வேறு.

இதற்கு நேர் எதிரானவை கடன் ஆப்கள். "அஞ்சு நிமிஷத்துல அஞ்சாயிரம்" என்று ஆசை காட்டி, செல்போனில் உள்ள எல்லா நம்பர்களையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி கேட்கும். தவணை தவறினால் சொந்தக்காரர், மேஸ்திரி, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் போன் போகும். மானம் கப்பலேறும்.

2022 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி விதி போட்டது. கடன் கொடுக்கும் ஆப், செல்போனில் உள்ள நம்பர் பட்டியலைத் தொடக் கூடாது. பணம் கொடுப்பது எந்த பாங்கி அல்லது எந்த நிதி நிறுவனம் என்று பெயரைச் சொல்லியாக வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்கள் உபயோகிக்கும் கடன் ஆப்களின் பட்டியலை 2025 ஜூலை முதல் ரிசர்வ் பாங்கி தன் இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத ஆப்பில் கடன் வாங்குவது, முன்பின் தெரியாதவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரி.

ஒரு விதி எல்லா ஆப்புக்கும் பொருந்தும். கேட்கும் அனுமதிக்கும் செய்யும் வேலைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும். டார்ச் விளக்கு ஆப்புக்கு உங்கள் மாமியார் நம்பர் எதற்கு?

இறக்கும் முன் ஐந்து கேள்வி

ஆக, புதுசாக எந்த ஆப்பை, எந்த சாப்ட்வேரை எடுத்தாலும் கேட்க வேண்டியவை இவை:

1. இதை விட்டுப் போகும் நாளில் என் கணக்கு, படம், கடிதம் எல்லாம் வேறு இடத்தில் திறக்கும்படி வெளியே வருமா? எக்செல், பி.டி.எப்., யூனிகோடு போன்ற பொது வடிவத்தில் வருமா?

2. வாடகையை நிறுத்தினால் பழையதைப் பார்க்கவாவது முடியுமா?

3. கணக்கு யார் நம்பரில், யார் பெயரில் திறக்கப்படுகிறது? கம்பெனி வேலைக்குக் கம்பெனி நம்பரா? சொந்தக் காரியத்துக்குச் சொந்த நம்பரா?

4. சட்டம், வரி மாறினால் சாப்ட்வேரை மாற்றித் தர ஆள் உண்டா? போன் செய்தால் எடுப்பார்களா?

5. நாம் பேச வேண்டியவர்கள் அதில் இருக்கிறார்களா? அது கேட்கும் அனுமதி நியாயமானதா?

ஐந்துக்கும் நல்ல பதில் வந்தால் எடுக்கலாம். முதல் கேள்விக்கே இழுத்தால், எத்தனை ஓசியாக இருந்தாலும் வேண்டாம்.

ஏற்கெனவே போட்டுவிட்ட ஆப்புக்கும் மருந்து இருக்கிறது. மாதம் ஒரு நாள், சம்பளப் பட்டுவாடா முடிந்த மறுநாள் என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அரை மணி நேரம் ஒதுக்கி பில், ஆர்டர், மெயில், முக்கியமான போட்டோ எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்கில் இறக்கி வைக்க வேண்டும். அந்த டிஸ்கை கம்ப்யூட்டரிலேயே சொருகி வைக்காமல் கழற்றி பீரோவில் பூட்ட வேண்டும். சொருகி வைத்தால் வைரஸ் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இறக்கி வைத்தால் மட்டும் போதாது. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அதில் ஒரு பழைய பில்லைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால்தான் அது காப்பி!